பொறி தவறினால் பொறுப்பு யாருக்கு?

"கணக்கு உதைக்கிறது" என்றது கணிப்பொறி. "கையாடல்" என்றது நிர்வாகம். "கம்பி எண்ணு" என்றது நீதிமன்றம்.

கதையல்ல, தோழர்களே, கற்பனையுமல்ல! நீதிக்கும் நேர்மைக்கும் தாயகம் தாமே என்று மார்தட்டும் பிரிட்டன் நாட்டிலே, 1999 முதல் 2015 வரை நடந்த கொடுமை இது. 900-க்கும் மேற்பட்ட சப் போஸ்ட்மாஸ்டர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பிடப்பட்டார்கள். 236 பேர் சிறை சென்றார்கள். திருடியது யார்? ஒருவரும் திருடவில்லை. தவறியது பொறி. தண்டனை பெற்றவன் மனிதன்!

இந்தக் கதையை இன்று நாம் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எம்.பி.ஏ. என்னும் மேற்படிப்பிலே 'தகவல் முறைமை மேலாண்மை' என்று ஒரு பாடம் இருக்கிறது. நாளை கம்பெனிகளிலும் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் நாற்காலி ஏறப் போகிறவர்கள், கணிப்பொறியை எப்படி வாங்குவது, எப்படி நிறுவுவது, எப்படி நிர்வகிப்பது என்று படிக்கும் பாடம். அதை அடிக்கடி புதுப்பிக்கிறார்கள். புதுப்பிக்கத்தான் வேண்டும். எதைச் சேர்த்துப் புதுப்பிப்பது என்பதுதான் கேள்வி.

"அது படித்தவர்கள் பாடு, பஞ்சாலையிலும் பட்டறையிலும் பாடுபடும் நமக்கு அதிலே என்ன?" என்று எண்ணி விடாதீர்கள். அந்த வகுப்பறையிலே சொல்லாமல் விட்ட பாடம், சம்பள நாளன்று நம் கவரிலே வந்து விடியும். ஆகவே கேளுங்கள்.

முன்பு அந்தப் பாடத்திலே என்ன இருந்தது? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி 1960-களில் 'சேபர்' என்ற பொறியால் டிக்கெட் பதிவு செய்து போட்டியாளர்களை முந்திய பெருமை இருந்தது. மேலாளர் மேசைக்கு அறிக்கை எப்படி வந்து சேர வேண்டும் என்ற வரைபடம் இருந்தது. இப்போது புதுப்பித்திருக்கிறோம் என்கிறார்கள். கிளவுட் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. நல்லது, வரட்டும்! ஆனால் பெயர்தான் மாறியதே தவிர, பார்வை மாறவில்லை. அன்றும் இன்றும் அந்தப் பாடம் மேலாளரின் நாற்காலியில் அமர்ந்துகொண்டே உலகைப் பார்க்கிறது. கவுண்டருக்குப் பின்னால் கால் கடுக்க நிற்பவனின் கண்ணால் ஒருமுறையேனும் பார்த்ததுண்டா?

பார்த்தால் என்ன தெரியும்? பிரிட்டனுக்கே போவோம்.

அங்கே சிற்றூர் அஞ்சலகம் என்பது பெரும்பாலும் ஒரு மளிகைக் கடையின் மூலையில் இருக்கும் கவுண்டர்தான். கடைக்காரரே சப் போஸ்ட்மாஸ்டர். அரசுக்குச் சொந்தமான போஸ்ட் ஆபீஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, தம் சேமிப்பைப் போட்டு நடத்துகிறவர். 1999-இல் அந்தக் கவுண்டர்களுக்கு 'ஹொரைசன்' என்ற கணிப்பொறி முறைமை வந்தது. ஃபுஜிட்சு வசமிருந்த ஐ.சி.எல். கம்பெனி செய்து கொடுத்தது. வந்த நாள் முதல் பல கடைகளில் கணக்கு உதைத்தது. கல்லாவில் இருக்கும் பணம் ஒன்று. திரையில் தெரியும் தொகை வேறொன்று.

ஹாம்ப்ஷயரில் ஜோ ஹாமில்டன் என்ற பெண்மணி. 2003-இல் இரண்டாயிரம் பவுன் குறைகிறது என்று காட்டியது பொறி. உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார். அவர்கள் சொன்னபடியே பொத்தானை அழுத்தினார். கண்ணெதிரே, இரண்டாயிரம் நாலாயிரமாயிற்று! உதவி கேட்கப் போனவர் தலையிலே கடன் இரட்டிப்பானது. வீட்டை அடகு வைத்தார். ஊரார் திரட்டிக் கொடுத்த பணத்தையும் கட்டினார். அப்படியும் குற்றவாளி என்ற பெயரோடுதான் வீடு திரும்பினார்.

சரே வட்டாரத்தில் சீமா மிஸ்ரா. திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டு 2010 நவம்பரில் பதினைந்து மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அப்போது அவர் கருவுற்றிருந்தார். அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்த நாள். பிள்ளைக்குப் பலகாரம் ஊட்ட வேண்டிய கையிலே விலங்கு! வயிற்றிலிருந்த சிசுவுமா அஞ்சலகப் பணத்தைக் களவாடிற்று?

நூற்றுக்கணக்கானோர் தனித்தனியே அழைத்து முறையிட்டார்கள். அவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், "இந்தக் குறை உங்களுக்கு மட்டும்தான்!" என்பது. எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பேரை ஆயிரம் அறைகளில் அடைத்து, ஒவ்வொருவரிடமும் "நீ ஒருவன்தான்" என்று சொன்னால், அவர்கள் ஒருவரையொருவர் எப்போது காண்பது? கூடிப் பேசினால் குட்டு உடைந்திருக்கும். கூட விடவில்லை.

பொறியின் கோளாறுகளை எழுதி வைத்த பதிவேடு ஃபுஜிட்சுவிடம் இருந்தது. கடைக்காரருக்குத் தெரியாமலே அவருடைய கணக்கில் தொலைவிலிருந்து கைவைக்க அந்தக் கம்பெனியின் ஆட்களால் முடிந்தது. "முடியவே முடியாது" என்று சாதித்தது போஸ்ட் ஆபீஸ். வழக்கு மன்றத்திலே அது பொய் என்று வெளிப்பட்டது. புகார் கொடுத்தது போஸ்ட் ஆபீஸ். புலனாய்வு செய்தது போஸ்ட் ஆபீஸ். மிகப் பெரும்பாலான வழக்குகளில் அரசு வழக்கறிஞரைக் கேட்காமல் தானே வழக்குத் தொடுத்ததும் போஸ்ட் ஆபீஸ்!

நீதிமன்றம் என்ன செய்தது? அங்கேதான் வேடிக்கை. கணிப்பொறி தரும் சான்றை ஏற்க வேண்டுமானால், அது ஒழுங்காக இயங்கியது என்று முதலில் காட்ட வேண்டும் என்று 1984-இல் ஒரு சட்டம் இருந்தது. அந்தப் பிரிவை நீக்கும் சட்டம் 1999-இல் வந்தது. ஹொரைசன் வந்த அதே ஆண்டு! பிறகு பொறி ஒழுங்காக இயங்கியது என்பதே நீதிமன்றத்தின் முற்கோள். இல்லையென்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவன் பாடு.

சிலப்பதிகாரம் நினைவுக்கு வரவில்லையா? பொற்கொல்லன் சொன்னான், மன்னன் ஆராயவில்லை, கோவலன் வெட்டுண்டான். ஆனால் கண்ணகி கையிலே இன்னொரு சிலம்பு இருந்தது. உடைத்துக் காட்டினாள், உள்ளிருந்து தெறித்தது மாணிக்கம், உண்மை விளங்கிற்று. பிரிட்டிஷ் கடைக்காரன் எதை உடைத்துக் காட்டுவான்? அவனுடைய சிலம்பே எதிராளியின் பெட்டகத்தில் அல்லவா இருந்தது!

ஆனாலும் உடைத்தார்கள். வேல்ஸ் நாட்டின் கடலோர ஊரான லாண்டட்னோவில் கடை நடத்தி, 2003-இல் ஒப்பந்தம் பறிக்கப்பட்ட ஆலன் பேட்ஸ், சிதறிக் கிடந்தவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 2009-இல் சங்கம் கண்டார்கள். 555 பேர் ஒன்றாக வழக்குத் தொடுத்தார்கள். 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர் தீர்ப்பளித்தார். கோளாறே இல்லை என்று போஸ்ட் ஆபீஸ் சாதித்தது, உலகம் தட்டை என்று இந்த நூற்றாண்டில் சாதிப்பதற்கு ஒப்பானது என்றார். 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. ஜோ ஹாமில்டனும் சீமா மிஸ்ராவும் அவர்களில் இருவர். 2024 மே மாதம் நாடாளுமன்றமே சட்டமியற்றி ஒட்டுமொத்தமாகத் தண்டனைகளைத் துடைத்தது. ஆனால், குறைந்தது 13 பேரின் தற்கொலைக்கு இந்தக் கொடுமை காரணமாயிருக்கலாம் என்று 2025 ஜூலையில் விசாரணைக் குழுவின் அறிக்கை சொன்னது. போன உயிரை எந்தச் சட்டம் மீட்கும்?

ஒரு செய்தி கேளுங்கள், வியப்பீர்கள். உலகிலேயே முதன்முதலாக வணிக அலுவலுக்குக் கணிப்பொறியை ஓட்டியது எந்தக் கம்பெனி தெரியுமா? பிரிட்டனில் தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் கம்பெனி! 1951-இல் 'லியோ' என்ற பொறியைத் தாமே கட்டி, ரொட்டிச் சாலையின் கணக்கைப் போட்டார்கள். 1954-இல் தொழிலாளரின் சம்பளக் கணக்கையும் போட்டார்கள். அந்தப் பொறிக்கு வேலை வகுத்தவர்களில் முதன்மையானவர் டேவிட் கேமினர். அந்தக் கம்பெனியின் அலுவலக நடைமுறைகளை ஆராயும் பிரிவிலிருந்து வந்தவர். வேலை தெரிந்தவன் பொறிக்கு வேலை சொன்னான்.

அந்த லியோவின் வழிவழி வந்த கம்பெனிதான், கைமாறிக் கைமாறி, 1968-இல் ஐ.சி.எல். ஆயிற்று, 1990-இல் ஃபுஜிட்சு வசமாயிற்று, ஹொரைசனைச் செய்தது! ரொட்டிக்குக் கணக்குப் போட்ட குடும்பத்திலே பிறந்த பொறி, ரொட்டிக்கே வழியில்லாமல் மனிதரை ஆக்கிற்று. ஆகவே, நாம் பொறிக்குப் பகைவரல்லர். பொறி வேண்டும். பொறியை நம்பி மனிதனை நம்பாத மமதைதான் வேண்டாம்!

"எங்கோ ஒரு நாட்டில் எப்போதோ நடந்த தவறு" என்பார்கள் சிலர். அப்படியா? கனடாவுக்கு வாருங்கள். 2016-இல் 'ஃபீனிக்ஸ்' என்ற சம்பளப் பொறியை அரசு கொண்டுவந்தது. செலவைக் குறைக்க, அதற்குரிய முக்கியமான வேலைகளை வெட்டினார்கள். சம்பளக் கணக்குத் தெரிந்த பழைய ஊழியர்களையும் அனுப்பிவிட்டார்கள். "ஆயத்தமாகவில்லை" என்ற எச்சரிக்கைகள் வந்தன, மேலதிகாரிகள் நிறுத்தவில்லை. பல்லாயிரம் அரசு ஊழியருக்குச் சிலருக்குக் குறைவு, சிலருக்கு மிகை, சிலருக்குச் சம்பளமே இல்லை!

ஆஸ்திரேலியாவுக்கு வாருங்கள். வேலையற்றோர் உதவித் தொகையில் 'மிகையாக வாங்கியவர்களை'ப் பிடிக்க ஒரு திட்டம். மக்கள் அதற்கு 'ரோபோடெட்' என்று பெயரிட்டார்கள். அதன் கணக்கைப் பாருங்கள். ஆண்டு வருமானத்தை 26 பங்காக்கி, இரு வாரத்துக்கு இவ்வளவு என்று வகுத்துவிடும். ஒருவன் ஆறு மாதம் வேலை செய்து, இரு வாரத்துக்கு ஆயிரம் டாலர் வாங்கினான். மீதி ஆறு மாதம் வேலையில்லை, உதவி வாங்கினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 13 ஆயிரம். 26-ஆல் வகுத்தால் 500. "வேலையில்லை என்று சொன்ன நாளிலும் 500 சம்பாதித்தாய், திருப்பிக் கொடு" என்று ஓலை வரும்! நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அப்படிக் கடன் சுமத்தினார்கள். 2023-இல் ராயல் கமிஷன், நியாயமும் அற்றது, சட்டமும் அற்றது என்று அறைந்து சொன்னது. வகுத்தல் தெரிந்த பொறிக்கு வறுமை தெரியவில்லை. அதை ஏவியவருக்குமா தெரியாது?

மூன்று நாடு, மூன்று பொறி. முறையிட்டவன் குரலுக்கு மூன்று இடத்திலும் மதிப்பில்லை. ஆகவேதான் சொல்கிறோம், பாடத்தைப் புதுப்பிக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு: புதுப் பொறியின் பெயரைச் சேர்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். நான்கு பாடங்களைச் சேருங்கள்.

ஒன்று: பொறியை நிறுவுமுன், அதை நாள்தோறும் இயக்கப் போகிறவனோடு மாணவன் ஒரு வாரம் நிற்கட்டும். கல்லாவை அவனும் எண்ணட்டும்.

இரண்டு: முறையீட்டை எண்ணக் கற்றுக் கொடுங்கள். ஒருவன் சொன்னால் அவன் தவறாயிருக்கலாம். நூறு பேர் சொன்னால் பொறியைத் திறந்து பார்.

மூன்று: பதிவேடு யார் கையில் இருக்கிறதோ, அவரே காட்டக் கடமைப்பட்டவர். கோளாறை மறைத்துக்கொண்டு, "நிரூபி பார்க்கலாம்" என்பது கண்ணைக் கட்டிவிட்டு வழி நடக்கச் சொல்வது.

நான்கு: "நிறுத்து" என்று சொல்லும் துணிவு. கோடிக்கணக்கில் பணம் போட்டாயிற்று, நாளும் குறித்தாயிற்று என்றாலும், தவறு தெரிந்தால் நிறுத்துகிறவனே நிர்வாகி.

"அதெல்லாம் நெறி பற்றியது, அதற்குத் தனிப் பாடம் இருக்கிறதே" என்று சொல்வார்கள். இருக்கட்டும்! குழம்பில் போட வேண்டிய உப்பைத் தனி இலையில் வைத்துப் பரிமாறினால், குழம்பு ருசிக்குமா? பொறியைப் பற்றிச் சொல்லும் அதே மணி நேரத்தில், பொறியால் நசுங்கியவனைப் பற்றியும் சொல்லுங்கள். 'சேபர்' வென்ற கதை ஒரு நாள் என்றால், ஹொரைசன் கொன்ற கதை மறுநாள் இருக்கட்டும்.

தோழர்களே! நம் ஊர்க் கல்லூரிகளிலும் எம்.பி.ஏ. உண்டு. வயலை விற்று, வளையலை அடகு வைத்து, நம் வீட்டுப் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறோம். விடுமுறையில் வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் கேளுங்கள்: "தம்பி, பொறி ஒன்று சொல்லி, வேலை செய்கிறவன் வேறொன்று சொன்னால், நீ யாரை முதலில் விசாரிப்பாய்?"

"பொறியை" என்று பதில் வந்தால், படிப்புக்குப் போட்ட பணம் வீணாகவில்லை என்று மகிழுங்கள். பதில் வராவிட்டால், ஜோ ஹாமில்டன் கதையை நீங்கள் சொல்லுங்கள். கல்லூரி சொல்ல மறந்ததைக் கஞ்சி குடிக்கும் திண்ணையாவது சொல்லட்டும்!