பனிமலையில் கிளம்ப மறுக்கும் கார்: காரணத்தைக் கண்டறிவது எப்படி? செய்யக் கூடாதவை எவை?

ஹிமாசலப் பிரதேசத்தின் கேலாங்கிலோ, லடாக்கின் லே நகரிலோ குளிர்கால இரவைக் கழித்துவிட்டு, காலையில் புறப்படத் தயாராகும் சுற்றுலாப் பயணிகள் பலரும் சந்திக்கும் சிக்கல் இது. முந்தைய நாள் மாலை வரை எந்தத் தொல்லையும் தராத கார், விடிந்ததும் கிளம்ப மறுக்கிறது. சொந்த ஊர் என்றால் பழகிய மெக்கானிக்கை அழைக்கலாம். மலைப்பகுதியிலோ அடுத்த பணிமனை பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கலாம். கைப்பேசியில் சிக்னலும் இல்லாமல் போகலாம்.

குளிர்காலத்தில் இத்தகைய இடங்களுக்குச் செல்வோரின் எண்ணிக்கை அண்மை ஆண்டுகளில் அதிகரித்திருப்பதற்கு முக்கியக் காரணம் அடல் சுரங்கப்பாதை. 9.02 கி.மீ. நீளமுள்ள இந்தச் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு முன்பு, சுமார் 3,978 மீட்டர் உயரத்தில் உள்ள ரோத்தங் கணவாய் பனியால் மூடப்படுவதால், லாஹௌல் பள்ளத்தாக்கு ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதங்கள் சாலைத் தொடர்பின்றி இருந்தது. இப்போது தில்லி, சண்டீகர் போன்ற சமவெளி நகரங்களில் இருந்து வரும் கார்கள், சமவெளிக்குரிய எரிபொருளுடனும் பழைய பேட்டரியுடனும் கடுங்குளிருக்குள் நேரடியாக நுழைகின்றன.

கடுங்குளிரில் கார் கிளம்பாததற்குக் காரணம் பெரும்பாலும் பெரிய பழுதாக இருப்பதில்லை. பேட்டரி சோர்ந்திருக்கும் அல்லது டீசல் உறைந்திருக்கும். ஆனால், பதற்றத்தில் கையாளப்படும் தவறான வழிகள்தான் சிறு கோளாறைப் பெரும் செலவாகவும், சில நேரங்களில் உயிராபத்தாகவும் மாற்றுகின்றன.

முதலில் ஓசையைக் கவனிக்க வேண்டும்

சாவியைத் திருப்பும்போது அல்லது ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும்போது எழும் ஓசை, கோளாறு எங்கே உள்ளது என்பதை ஏறக்குறைய சொல்லிவிடும்.

எந்த ஓசையும் இல்லை, டேஷ்போர்டு விளக்குகளும் எரியவில்லை என்றால் பேட்டரி முற்றிலும் தீர்ந்திருக்கலாம் அல்லது அதன் முனைகளில் உள்ள இணைப்பு தளர்ந்திருக்கலாம். பானெட்டைத் திறந்து, இணைப்புகள் ஆடுகின்றனவா, வெண்மை அல்லது பச்சை நிறப் படிவு உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

'டிக் டிக்' என்று வேகமாகத் தொடர் ஓசை கேட்டு, விளக்குகள் மங்கினால் பேட்டரியில் மின்சக்தி போதவில்லை என்று பொருள். என்ஜின் மிக மெதுவாக, முக்கி முனகிச் சுழல்வதும் இதே காரணத்தால்தான். விளக்குகள் பளிச்சென்று எரியும்போதே ஒரே ஒரு 'டக்' ஓசை மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரில் கோளாறு இருக்கலாம். இதற்கு மெக்கானிக்கின் உதவி தேவை.

என்ஜின் வழக்கமான வேகத்தில் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பேட்டரி நன்றாக உள்ளது; எரிபொருள் வந்து சேரவில்லை என்று கருதலாம். டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு மின்னினால், திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள்.

எளிய காரணங்களையும் மறந்துவிடக் கூடாது. ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் நெம்புகோல் 'பார்க்' அல்லது 'நியூட்ரல்' நிலையில் இல்லையெனில் என்ஜின் கிளம்பாது. கியர் கொண்ட பல புதிய கார்களில் கிளட்சை முழுமையாக மிதிக்க வேண்டும். பொத்தான் மூலம் இயங்கும் கார்களின் ரிமோட் சாவியில் உள்ள சிறிய பேட்டரி குளிரில் வலுவிழக்கும். அப்போது ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானின் மீதே வைத்து அழுத்தினால் பல மாடல்களில் கார் கிளம்பிவிடும். சி.என்.ஜி. கார் என்றால் பெட்ரோலுக்கு மாற்றி முயல வேண்டும்.

பேட்டரி ஏன் சோர்கிறது?

கார் பேட்டரிக்குள் நிகழும் வேதிவினை குளிரில் மந்தமடைகிறது. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அதன் திறன் சுமார் பாதியாகக் குறைந்துவிடும். அதே நேரம் என்ஜின் ஆயில் கெட்டியாவதால், என்ஜினைச் சுழற்ற வழக்கத்தைவிட அதிக சக்தி தேவைப்படுகிறது. தேவை உயரும் அதே வேளையில் திறன் குறைவதால்தான், சமவெளியில் இன்னும் சில மாதங்கள் ஓடியிருக்கக்கூடிய பழைய பேட்டரி மலையில் ஒரே இரவில் கைவிட்டுவிடுகிறது. மின்சார கார்களிலும் கட்டுப்பாட்டுக் கருவிகளை இயக்கத் தனியாக 12 வோல்ட் பேட்டரி உள்ளது. அது தீர்ந்துபோனால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் இயங்காது.

இந்த நிலையில் சாவியை விடாமல் திருப்பிக்கொண்டே இருப்பது எஞ்சியிருக்கும் சக்தியையும் வீணாக்கும். ஒரு முயற்சி 10 விநாடிகளைத் தாண்டக் கூடாது. அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஹெட்லைட், ஹீட்டர், இசைக் கருவி அனைத்தையும் அணைத்து வைக்க வேண்டும். டீசல் காரில் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அணையும் வரை பொறுத்திருந்து, அதன் பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். மூன்று முயற்சிகளில் பலன் இல்லையெனில் நிறுத்திவிடுவதே நல்லது.

மற்றொரு காரில் இருந்து சக்தி பெறுதல்

ஜம்பர் கேபிள் இருந்தால் மற்றொரு காரின் உதவியுடன் கிளப்பலாம். இரு கார்களையும் அணைத்துவிட்டு, சிவப்புக் கேபிளின் ஒரு முனையைத் தீர்ந்துபோன பேட்டரியின் நேர்முனையிலும், மறுமுனையை நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் இணைக்க வேண்டும். பிறகு கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் பொருத்தி, அதன் மறுமுனையைக் கிளம்பாத காரின் என்ஜினில் உள்ள பெயின்ட் பூசப்படாத உலோகப் பகுதியில், பேட்டரியில் இருந்து தள்ளிப் பொருத்த வேண்டும். பேட்டரியில் இருந்து வெளியேறும் ஹைட்ரஜன் வாயு தீப்பொறியால் பற்றிக்கொள்ளாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. உதவும் காரைச் சில நிமிடங்கள் ஓடவிட்ட பிறகு, கிளம்பாத காரை ஸ்டார்ட் செய்யலாம். கேபிள்களை இணைத்ததற்கு நேர்மாறான வரிசையில் அகற்ற வேண்டும்.

மலைப்பாதையில் உதவிக்கு முதலில் நிற்பவர் பெரும்பாலும் லாரி ஓட்டுநராகவே இருப்பார். ஆனால் பெரும்பாலான லாரிகளின் மின் அமைப்பு 24 வோல்ட் கொண்டது. அதை 12 வோல்ட் காருடன் இணைத்தால் காரின் மின்னணுக் கருவிகள் கருகிவிடக்கூடும். மேலும், முழுமையாகத் தீர்ந்த பேட்டரியில் உள்ள திரவம் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்துவிடும். பேட்டரியின் பக்கங்கள் புடைத்திருந்தாலோ, விரிசல் கண்டிருந்தாலோ அதனுடன் கேபிளை இணைக்கவே கூடாது. வெடிக்கும் அபாயம் உள்ளது.

கார் கிளம்பிய பின் அடுத்த தேநீர்க் கடையிலேயே அணைத்துவிடுவது பலரும் செய்யும் தவறு. குறைந்தது அரை மணி நேரமாவது ஓட்டினால்தான் மீண்டும் கிளம்பும் அளவுக்குப் பேட்டரியில் மின்சக்தி சேரும்.

தள்ளிக் கிளப்பும் முறை ஆட்டோமேட்டிக் கார்களுக்குப் பொருந்தாது. கியர் கார் என்றாலும், பனி உறைந்த சரிவில் அதைச் செய்யக் கூடாது. என்ஜின் ஓடாதபோது பிரேக் மிதி இறுகிவிடும், ஸ்டீயரிங் கனக்கும். வளைவில் காரை நிறுத்த முடியாமல் போகும்.

டீசல் உறைவது எப்படி?

டீசலில் இயல்பாகவே மெழுகுத் தன்மை கொண்ட பொருள்கள் கரைந்துள்ளன. குளிர் அதிகரிக்கும்போது அவை நுண்ணிய படிகங்களாகப் பிரிந்து, எரிபொருள் வடிகட்டியை அடைத்துக்கொள்கின்றன. குழாயிலும் வடிகட்டியிலும் மிஞ்சியிருந்த டீசலால் கார் கிளம்பி, ஓரிரு நிமிடங்களில் தானாகவே அணைந்துபோவது இதன் அடையாளம்.

சாதாரண டீசல் அதன் ஓட்டத்தன்மையை இழக்கும் வெப்பநிலை, இந்தியத் தர நிர்ணயத்தின்படி குளிர்காலத்தில் அதிகபட்சம் 3 டிகிரி செல்சியஸ். கோடையில் 15 டிகிரி. சமவெளிக்கு இது போதுமானது. லடாக்கின் குளிருக்குப் போதாது. இதனால்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை ஓட்டத்தன்மையை இழக்காத குளிர்கால டீசலை லடாக்கில் 2019 நவம்பரில் அறிமுகம் செய்தது. சமவெளியில் டேங்கை நிரப்பிக்கொண்டு வருவோர், இத்தகைய டீசல் கிடைக்கும் முதல் பெட்ரோல் நிலையத்திலேயே அதைச் சேர்த்துக்கொள்வது நல்லது. மெழுகு படிந்த பிறகு சேர்ப்பதால் உடனடிப் பலன் இல்லை.

டீசல் உறைந்துவிட்டால் சிறந்த மருந்து வெயில்தான். வெயில் படும் இடத்துக்கு வண்டியைத் தள்ளி நிறுத்தி, வடிகட்டியைச் சுற்றி வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றி வைக்கலாம். டேங்குக்கு அடியில் தீ மூட்டும் பழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. எரிபொருள் குழாய், மின்கம்பி, பிளாஸ்டிக் உறை ஆகியவை நிறைந்த இன்றைய கார்களில் இது தீ விபத்துக்கு வழிவகுக்கும். மண்ணெண்ணெய் கலப்பதும் தவறு. நவீன டீசல் என்ஜினின் உயர் அழுத்தப் பம்புக்கு டீசலே மசகாகவும் செயல்படுகிறது. மண்ணெண்ணெயில் அந்தத் தன்மை குறைவு என்பதால் பம்ப் தேய்ந்து, பெரும் செலவு ஏற்படும்.

ரேடியேட்டரில் கூலன்டுக்குப் பதிலாக வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால், அது உறைந்து விரிந்து என்ஜினிலேயே விரிசல் ஏற்படுத்தக்கூடும். தண்ணீர் உறைந்திருப்பதாக ஐயம் எழுந்தால் காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

கார் கிளம்பிவிட்டது, ஆனால் சாலை பனியால் அடைபட்டுள்ளது என்ற நிலையில்தான் மிகப் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. குளிருக்கு அஞ்சி, கண்ணாடிகளை மூடிக்கொண்டு, என்ஜினை ஓடவிட்டு உறங்குவது உயிரைப் பறிக்கலாம். புகைபோக்கிக் குழாயைப் பனி மூடினால், கார்பன் மோனாக்சைடு வாயு காருக்குள் புகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாகிஸ்தானின் முர்ரே மலைப்பகுதியில் 2022 ஜனவரியில் கடும் பனிப்பொழிவில் சிக்கிய வாகனங்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் சிலரின் மரணத்துக்கு இந்த நச்சு வாயு காரணமாக இருக்கலாம் எனக் கூறப்பட்டது.

எனவே, புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அவ்வப்போது அகற்ற வேண்டும். மணிக்கு சுமார் 10 நிமிடங்கள் மட்டும் என்ஜினை ஓட்டி, ஒரு கண்ணாடியைச் சிறிது இறக்கி வைக்க வேண்டும். காருக்குள்ளோ, மூடிய அறையிலோ கரி அடுப்பு மூட்டக் கூடாது. தலைவலி, குமட்டல், இயல்புக்கு மாறான தூக்கம் ஆகியவை தோன்றினால் அனைவரும் உடனே வெளிக்காற்றுக்கு வர வேண்டும்.

சாலையில் நின்றுவிட்டால்

ஓடும்போதே கார் நின்றுவிட்டால், அபாய விளக்குகளை எரியவிட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை வளைவுக்கு முன்னதாகவே பின்னால் வரும் ஓட்டுநர் காணும்படி வைக்க வேண்டும். பயணிகள் காருக்குப் பின்னால் நிற்கக் கூடாது. கடும் பனியில் காரை விட்டு உதவி தேடி நடந்து செல்வதைத் தவிர்க்க வேண்டும். நடந்து செல்பவரைவிட வாகனத்தைக் கண்டுபிடிப்பது மீட்புக் குழுவினருக்கு எளிது.

அவசர உதவிக்கு நாடு முழுவதும் 112, தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 ஆகிய எண்களை அழைக்கலாம். ஜம்மு-காஷ்மீர், லடாக் செல்லும் தமிழகப் பயணிகள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: பிற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் கார்டுகள் அங்கு பொதுவாக இயங்குவதில்லை. பயணிகளில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருப்பது அவசியம்.

முந்தைய இரவே செய்ய வேண்டியவை

புறப்படும் முன் பேட்டரியின் திறனைச் சோதித்து, கூலன்ட் சரியான விகிதத்தில் உள்ளதா எனப் பார்ப்பது முதல் படி. மலையில் இரவில் காரை நிறுத்தும்போது, காலை வெயில் என்ஜின் பகுதியில் விழும்படி முகப்பைக் கிழக்கு நோக்கி வைக்கலாம். ஹேண்ட்பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளும் என்பதால், சமதளத்தில் கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைப்பது பாதுகாப்பானது. டேங்கில் பாதிக்குக் குறையாமல் எரிபொருள், ஜம்பர் கேபிள், டார்ச், போர்வை, குடிநீர், உணவு ஆகியவை கைவசம் இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் கார் கிளம்பாமல் போகலாம். அப்போது வெயில் ஏறும் வரை காத்திருப்பதே பெரும்பாலும் சரியான முடிவாகும். அதிகாலை 6 மணிக்கு அசையாத கார் 11 மணிக்குத் தானாகவே கிளம்புவது மலைப்பகுதிகளில் அன்றாடக் காட்சி. பயணத் திட்டத்தில் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கி வைத்திருப்பவருக்கு, அந்த ஐந்து மணி நேரம் பெரிய இழப்பாக இருக்காது.