எந்தக் கல்லிலிருந்து அளப்பது?

கொல்லிமலையில் எங்கள் ஊரில் வரப்புத் தகராறு எழுந்தால் என் தந்தையாரை அழைப்பார்கள். பள்ளிக்கூடம் அறியாதவர். இரு தரப்பாரிடமும் அவர் முதலில் கேட்பது ஒன்றே: "நீ எந்தக் கல்லுல இருந்து அளக்கிறே?" இரு கல்லையும் பார்த்த பிறகே கயிற்றைப் பிடிப்பார். அக்கேள்வியின் அருமை கல்லூரி விடுதியில்தான் எனக்கு விளங்கிற்று.

பாலஸ்தீனச் சிக்கல் பற்றி அறைத்தோழனோடு வாதிட்டேன். நான் 1948இல் தொடங்கினேன். அப்போரில் ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீனியர் வீடிழந்தனர். அவனோ நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றதில் தொடங்கி, 2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் மாண்டதைச் சொன்னான். அதன்பின் காஸாவில் பல்லாயிரவர் மாண்டதை நான் சொன்னேன். யாவும் உண்மையே. ஆனால் ஒருவர் சொன்ன உண்மை மற்றவர் காதில் மறுப்பாகவே விழுந்தது. பத்து நாள் எங்களுக்குள் பேச்சில்லை.

இதுபோல் நமக்கு அருகிலுள்ள வழக்கு காவிரி. எங்கள் மலையின் ஐயாறும் அதில்தான் கலக்கிறது. தமிழக உழவர் கல்லணைக் காலப் பாசனத்தையும் 1924 ஒப்பந்தத்தையும் காட்டுவர். கர்நாடக உழவரோ, 1892, 1924 ஒப்பந்தங்கள் ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட சென்னை மாகாணத்துக்கும், அவர்களுக்கு அடங்கிய மைசூர் சமஸ்தானத்துக்கும் இடையே ஏற்பட்டவை. எனவே சமமற்றவை என்பர். அளக்கும் கல் வேறு! 1991இல் நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை அடுத்துக் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டனர். எனினும் 2003இல் இரு மாநில உழவர்களும் 'காவிரிக் குடும்பம்' என்ற பெயரில் கூடிப் பேசினர். அதனால் வழக்குத் தீரவில்லை. 2018இல் உச்ச நீதிமன்றமே பங்கை முடிவு செய்தது. ஆனால் எதிர்த்தரப்பிலும் காய்ந்த வயல் உண்டென்பதை இரு சாராரும் உணர்ந்தனர்.

இஸ்ரேலிலும், 1995இல் தோன்றிய ஓர் அமைப்பில், போரில் உறவினரைப் பறிகொடுத்த இரு தரப்புக் குடும்பங்களும் ஒன்றாக அமர்கின்றன. அவர்களால் இயலுமெனில், செய்தித்தாள் படித்து வாதிடும் நமக்கு இயலாதா?

பதினோராம் நாள் நானே தோழனிடம் சென்று, "நீ ஏன் அங்கிருந்து தொடங்குகிறாய்?" என்று கேட்டேன். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. பின்னர் அவன் என்னைக் கேட்டான். கேட்பதென்பது கொலைக்கு நியாயம் கற்பிப்பதன்று. நம் கருத்தைக் கைவிடுவதுமன்று. நான் என் கருத்தை விடவில்லை, அவனும் விடவில்லை. நேற்றிரவும் வாதிட்டோம். மணி அடித்ததும் சேர்ந்தே சாப்பிடப் போனோம்.