பி.பி.எம். கணக்கு தவறினால் பிஞ்சு உதிரும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர் பெற்ற ஊர். எலுமிச்சையில் பிஞ்சு உதிர்வதைக் குறைக்க, காய் பிடித்தபின் நாப்தலின் அசிட்டிக் அமிலத்தை 30 பி.பி.எம். கரைசலாகத் தெளிக்க வேண்டும். இந்த 30 என்பது மில்லி அல்ல. பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு; அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லிகிராம் மருந்து.

கடையில் கிடைக்கும் 4.5 சதவீதத் திரவத்தில், ஒரு மில்லிக்கு 45 மில்லிகிராம் மருந்துதான் இருக்கும். 10 லிட்டர் தண்ணீருக்குத் தேவை 300 மில்லிகிராம். அதை 45ஆல் வகுத்தால் சுமார் 6.7 மில்லி. 16 லிட்டர் தெளிப்பானுக்கு 10.7 மில்லி. பாட்டில் மூடியால் அளப்பது இதற்குச் சரிப்படாது. ஊசி போடும் சிரிஞ்சால் அளக்கலாம்.

விவரம் தெரியாமல் 10 லிட்டருக்கு 30 மில்லி ஊற்றினால் கரைசல் 135 பி.பி.எம். ஆகிவிடும். இது விளையாட்டல்ல. ஆரஞ்சு இன மரங்களில் காய்கள் அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டால், சிலவற்றை உதிர்ப்பதற்கு இதே மருந்தைத்தான் கூடுதல் வீரியத்தில் தெளிக்கிறார்கள்!

துத்தநாக சல்பேட்டுக்குக் கணக்கு வேறு. 0.5 சதவீதம் என்பது உப்பின் எடையையே குறிக்கும். அதில் துத்தநாகம் 21 சதவீதம்தானே என்று வகுத்துப் பார்த்து, ஐந்து மடங்கு போட்டால் இளந்தளிர் கருகும். 10 லிட்டருக்கு 50 கிராம் போதும். மார்ச், ஜூலை, அக்டோபர் மாதங்களில், புதுத் துளிர் விட்டபின் தெளிக்க வேண்டும்.