இதமான நிழலும் ஈமானும்



ஈமான் கொண்ட ஒருவரை நற்செயலிலிருந்து பின்னுக்கு இழுப்பது எது? பகைவர்களின் அச்சுறுத்தல் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் பல வேளைகளில் நமது சுகமும் வசதியுமே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. நபித்தோழர் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் வரலாறு இதற்குச் சான்றாகும். அவர்களே விரிவாக எடுத்துரைத்த இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு (கி.பி. 630). ரோமப் படையை எதிர்கொள்ளத் தபூக் நோக்கிப் புறப்படுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். மதீனாவிலிருந்து 600 கிலோ மீட்டருக்கும் அதிகமான பாலைவழி, கடும் வெயில். அந்நேரத்தில் மதீனாவின் தோட்டங்களில் கனிகள் பழுத்திருந்தன. மரநிழல் இதமாக இருந்தது.

கஅப் (ரலி) அவர்கள் நம்பிக்கையில் குறைந்தவர்கள் அல்லர். இரண்டாம் அகபா உடன்படிக்கையில் பங்கு பெற்றவர்கள். முன்னெப்போதும் இல்லாத வசதியுடன், இரண்டு வாகன ஒட்டகங்களும் அப்போது அவர்களிடம் இருந்தன. காலைதோறும் பயண ஏற்பாட்டுக்கெனச் செல்வார்கள். எதுவும் செய்யாமல் திரும்புவார்கள். நினைத்தபோது புறப்பட்டுவிடலாம் என்ற எண்ணமே அவர்களைத் தடுத்தது. படை சென்ற பின்னரும், விரைந்து சென்று சேர்ந்துகொள்ளலாம் என நாட்களைக் கடத்தினார்கள். பிறகு தெருவில் இறங்கியபோது, நயவஞ்சகர் எனச் சந்தேகிக்கப்பட்டவர்களும் இயலாதவர்களுமே கண்ணில் பட்டார்கள். அது அவர்களை வாட்டியது.

நபி (ஸல்) அவர்கள் திரும்பியதும், பின்தங்கிய எண்பதுக்கும் மேற்பட்டோர் சத்தியம் செய்து சாக்குகளைக் கூறித் தப்பித்துக்கொண்டனர். கவிஞரான கஅப் (ரலி) அவர்களுக்குச் சொல்வன்மை இல்லாமல் இல்லை. ஆயினும், தமக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை என்ற உண்மையையே கூறினார்கள்.

அதற்கான விலை பெரிது. அவர்களுடனும், அவ்வாறே உண்மை கூறிய முராரா (ரலி), ஹிலால் (ரலி) ஆகியோருடனும் 50 நாட்கள் எவரும் பேசவில்லை. தந்தையின் சகோதரர் மகன்கூட ஸலாமுக்குப் பதில் தரவில்லை. அந்நிலையில் கஸ்ஸான் மன்னரிடமிருந்து ஆதரவுக் கடிதம் வந்தது. அதையும் அடுப்பில் இட்டார்கள். 50ஆம் நாள் பஜ்ரு வேளையில் மன்னிப்பின் நற்செய்தி வந்தது. அத்தவ்பா அத்தியாயத்தின் 118ஆம் வசனம் அம்மூவரைப் பற்றியே பேசுகின்றது.

சிந்தித்துப் பாருங்கள். பொய்ச் சாக்கும் ஒரு நிழல்தான். மரநிழலை விட்டு எழாத கஅப் (ரலி) அவர்களை, இந்த இரண்டாவது நிழலிலிருந்து ஈமான் வெளியே அழைத்து வந்துவிட்டது.

நம் நிலை என்ன? பெண்மக்களுக்கும் வாரிசுப் பங்கு உண்டு என அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் விதித்துள்ளது. இதை நாம் மறுப்பதில்லை. ஆயினும் தந்தை மறைந்து பல்லாண்டுகள் கடந்தும், வீடும் நிலமும் ஆண்மக்கள் கையிலேயே இருக்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. அறுவடை முடியட்டும், மகள் திருமணம் முடியட்டும் என்று நாள் தள்ளுகிறோம். கேட்டால், “சீர் செய்துவிட்டோமே” என்கிறோம்.

தாமதித்துவிட்டவருக்கும் கதவு மூடப்படவில்லை. சகோதரியின் வீட்டுக்குச் செல்லுங்கள். சாக்கு எதையும் புனையாமல், “இது உன் பங்கு, இதுவரை தராதது என் தவறு” என்று கூறி, கணக்குப் பார்த்து ஒப்படையுங்கள். கையிருப்பு குறையும், வீட்டில் முணுமுணுப்பும் எழலாம். எனினும், மறுமையில் சகோதரியின் உரிமைக்காக நிறுத்தி விசாரிக்கப்படுவதைவிட இந்தச் சிரமம் எளிதன்றோ!

வல்ல அல்லாஹ் சுகத்தின் சோம்பலிலிருந்தும் பொய்ச் சாக்குகளிலிருந்தும் நம்மைக் காத்து, உண்மையாளர்களுடன் சேர்த்தருள்வானாக! ஆமீன்.