உடைசல் நோட்டைக் கேளுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரம். ஏற்காடு மலையில் உள்ள கொட்டச்சேட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் என் ஒன்றுவிட்ட தங்கையின் மகள். கையில் ஐந்து கல்லூரிகளின் நோட்டீஸ். ஐந்திலும் பெரிய கட்டடம், வரிசையாகப் பேருந்து, வெள்ளைக் கோட்டு போட்டுச் சிரிக்கும் பிள்ளைகள்.

"மாமா, எனக்கு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கணும். அப்பா எங்க ஃபீஸ் கம்மியோ அங்க சேருங்கறாரு. எங்க டீச்சர் நல்ல காலேஜா பாருங்கறாங்க. ரெண்டும் ஒண்ணா கிடைக்குமா?"

"கிடைக்கும் கண்ணு. தேடற விதத்துல தேடணும்" என்றேன்.

நான் பேராசிரியர் இல்லை. சேலத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் 31 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவன். பியூரெட் கழுவி அடுக்கியதும், அமிலம் அளந்து கலக்கி வைத்ததும், பிள்ளைகள் உடைத்ததை நோட்டில் எழுதியதும்தான் என் வேலை. அந்த இடத்தில் நின்று பார்த்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

வேதியியல் கைப்படிப்பு. நீச்சலைப் புத்தகத்தில் படிக்க முடியாது என்பதுபோலத்தான் இதுவும். ஒரு கல்லூரி நல்ல கல்லூரியா என்று தெரிய வேண்டுமானால் அதன் ஆய்வகத்துக்குப் போங்கள். போய் உடைசல் நோட்டைக் கேளுங்கள்.

எல்லா ஆய்வகத்திலும் அப்படி ஒரு நோட்டு உண்டு. பிள்ளைகள் பிப்பெட் உடைத்தால், பீக்கர் உடைத்தால், தேதி போட்டு, பொருளை எழுதி, கையெழுத்து வாங்குவோம். வருடக் கடைசியில் முன்பணத்திலிருந்து அந்தத் தொகையைக் கழிப்பார்கள். பக்கம் பக்கமாக நிறைந்திருந்தால் அங்கே பிள்ளைகள் கண்ணாடியைக் கையில் எடுக்கிறார்கள் என்று அர்த்தம். வருடம் முழுக்க மூன்றே வரி இருந்தால், கண்ணாடிச் சாமான் அலமாரியில் பத்திரமாகத் தூங்குகிறது.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். என் அண்ணன் மகனை வெளியூரில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் சேர்த்தோம். வருடத்துக்கு நாற்பதாயிரத்துக்கு மேல், விடுதி தனி. அண்ணி நகையை அடகு வைத்தார். மூன்று வருடம் முடித்து, முதல் வகுப்பில் தேறி வந்தான். ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைக் கொடுத்து, அதன் திறனைக் கண்டுபிடித்துச் சொல் என்றார்கள். ஆக்சாலிக் அமிலத்தை எடைபோட்டுக் கரைத்து, பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, டைட்ரேஷன் செய்தால் அரைமணியில் முடியும் வேலை. அவனால் முடியவில்லை. படித்த கல்லூரியில் ஆசிரியர் முன்னால் நின்று செய்து காட்டுவாராம். நாற்பது பேரும் சுற்றி நின்று பார்த்து, ரெக்கார்டு நோட்டில் அளவை எழுதிக்கொள்வார்களாம். அன்று அவன் வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் படுத்ததை நான் மறக்கவில்லை.

ஒரு டைட்ரேஷனில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பியூரெட்டை முதலில் வாலை வடிநீரில் கழுவ வேண்டும். பிறகு அதில் நிரப்பப்போகும் கரைசலாலேயே ஒருமுறை அலச வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஒட்டிய தண்ணீர் கரைசலை நீர்க்கச் செய்துவிடும். நிரப்பியதும் மேலே வைத்த புனலை எடுத்துவிட வேண்டும். மறந்தால் நடுவில் ஒரு சொட்டு விழுந்து கணக்கைக் கெடுக்கும். கீழ் முனையில் காற்றுக்குமிழி நிற்கக் கூடாது. நிறமில்லாத கரைசலுக்கு வளைவின் அடிமட்டத்தைப் பார்க்க வேண்டும். பெர்மாங்கனேட் மாதிரி அடர்நிறம் என்றால் மேல்மட்டத்தை. இடது கை குழாய்த் திருகில், வலது கை குடுவையைச் சுழற்றியபடி. வெளிர் ரோஜா நிறம் வந்து, அரை நிமிஷம் கலையாமல் நின்றால் முடிவுப்புள்ளி. ஒரு சொட்டு கூடினால் நிறம் அடர்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். அடுத்தடுத்து இரண்டு அளவு ஒன்றுபோல வரும்வரை விடக் கூடாது. பத்து தடவை தப்பாகச் செய்தவனுக்குத்தான் பதினோராவது தடவை கை படியும். அந்தப் பத்துத் தப்புக்கும் இடம் கொடுக்கிற கல்லூரிதான் நல்ல கல்லூரி.

அதனால் ஆய்வகத்தில் கேட்க வேண்டியவற்றை அந்தப் பெண்ணுக்கு ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். ஆளுக்கு ஒரு பியூரெட்டா, நாலு பேருக்கு ஒன்றா? ஒரு பேட்சில் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை ஆசிரியர்? வாரம் எத்தனை மணி செய்முறை, அந்த நேரத்தில் வேறு வகுப்பு வைக்காமல் நடக்கிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா, பர்னரில் வாயு வருகிறதா? நச்சுப்புகை வெளியே போகப் புகைக்கூண்டு இருக்கிறதா, அதன் மின்விசிறி சுற்றுகிறதா? மின்னணுத் தராசு எத்தனை? மேசை விளிம்பில் அமிலக் கறை இருந்தால் முகம் சுளிக்காதே, வேலை நடக்கிற இடம் அப்படித்தான் இருக்கும்.

இனி பணம். தமிழ்நாட்டில் குறைந்த செலவில் வேதியியல் படிக்க முதல் கதவு அரசு கலை அறிவியல் கல்லூரி. இளநிலைக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. மற்ற கட்டணங்கள் வருடத்துக்குச் சில ஆயிரங்களுக்குள் அடங்கும். விண்ணப்பம் இணையத்தில், பல கல்லூரிக்கும் ஒரே தளம். சில வருடங்களாக விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அந்த 2 ரூபாய் மட்டும். மொழிப்பாடம் நீங்கலாக நாலு பாடத்தின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள்.

எங்கள் மலைக்குச் சேலம்தான் பக்கம். 1857-இல் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்த சேலம் அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் துறை உண்டு, முதுநிலையும் உண்டு. கோரிமேட்டில் பெண்களுக்கான அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் தர்மபுரியிலும் அரசு கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அரசு கல்லூரிகளில் நிரந்தர ஆசிரியர் இடங்கள் பல காலியாகக் கிடந்து, கௌரவ விரிவுரையாளர்களே பாடம் எடுக்கிறார்கள். அவர்களில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர்கள் நிறையப் பேர், நன்றாகவே நடத்துகிறார்கள். ஆனாலும் துறையில் எத்தனை பேர் என்று கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது கதவு அரசு உதவி பெறும் கல்லூரி. சேலத்தில் 1961-இல் தொடங்கிய ஸ்ரீ சாரதா மகளிர் கல்லூரி அந்த வகை. இங்கேதான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவும் நடக்கும். பெயர் ஒன்று, வாசல் ஒன்று, கட்டணம் வேறு. "உதவி பெறும் பிரிவிலா, சுயநிதியிலா?" என்று விண்ணப்பம் வாங்கும்போதே கேட்க வேண்டும்.

சுயநிதிக் கல்லூரி எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்ல ஆய்வகம் வைத்து நேர்மையாக நடத்துகிறவர்கள் உண்டு. அங்கேயும் என் அளவுகோல் அந்த உடைசல் நோட்டுதான். கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரச்சான்று என்ன என்றும் பாருங்கள். ஆனால் அது கல்லூரி முழுமைக்கும் கொடுப்பது, வேதியியல் துறைக்கென்று தனியாகக் கொடுப்பதில்லை.

கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. கொட்டச்சேட்டிலிருந்து குப்பனூர் வழியாக இறங்கினாலும், ஏற்காடு போய் 20 கொண்டை ஊசி வளைவு சுற்றி இறங்கினாலும், தினமும் சேலம் போய்வந்து படிப்பது கஷ்டம். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அன்றைய ஆய்வக நேரம் போயிற்று. அதனால் விடுதியையும் சேர்த்தே தேட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறைக்கும், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைக்கும் கல்லூரி மாணவர் விடுதிகள் உண்டு. சாப்பாடும் தங்கலும் இலவசம், வருமான வரம்பு உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அது 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது.

இந்த மலையில் பெரும்பாலானவர்கள் பழங்குடியினர். அவர்களுக்கான சாதிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். தாசில்தார் அலுவலகத்தோடு முடியாது. கலந்தாய்வுத் தேதி வந்த பிறகு ஓடினால் கிடைக்காது. பிளஸ் ஒன் படிக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். அந்த ஒரு தாள் இல்லாமல் இடம் இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பட்டத்தின் பெயரையும் கவனிக்க வேண்டும். 'வேதியியல்' என்றே இருந்தால் பிரச்சினை இல்லை. 'பயன்பாட்டு வேதியியல்', 'தொழில் வேதியியல்' என்று பெயர் மாறினால், பின்னாளில் ஆசிரியர் வேலைக்குப் போகும்போது இது வேதியியலுக்கு இணையானதுதான் என்று அரசாணை காட்டச் சொல்வார்கள். துணைப்பாடம் என்ன என்றும் பாருங்கள். மேலே ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க நினைப்பவர்கள் மூன்றாம் வருடத்தில் ஜாம் என்னும் தேர்வு எழுதுவார்கள்; அதற்குக் கணிதமும் இயற்பியலும் துணைப்பாடமாக இருப்பது கைகொடுக்கும். ஆசிரியராகத்தான் போவேன் என்கிற பிள்ளைக்கு மைசூருவில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனம், நுழைவுத் தேர்வு உண்டு. பி.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்த்து நாலு வருடத்தில் முடிக்கலாம்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "கெமிஸ்ட்ரி படிச்சிட்டு நம்ம மலைக்கு என்ன மாமா பண்ண முடியும்?"

திண்ணையிலிருந்து பார்த்தால் எதிரே சில்வர் ஓக் மரம். அதன் மேல் மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி. மிளகின் காரம் பைப்பரின், காப்பியின் விறுவிறுப்பு காஃபின். மிளகிலிருந்து பைப்பரினை டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் பிரித்தெடுத்ததும், காப்பிக்கொட்டையிலிருந்து காஃபினை ஜெர்மனியின் ரூங்கே பிரித்தெடுத்ததும் ஒரே வருடம், 1819. அடுத்த சில வருடங்களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். ஒரே நிழலில் நிற்கிற இந்த இரண்டு செடியிலும் காய்ப்பதை உன் அம்மா கையால் பறிக்கிறாள், நீ அதன் உள்ளே இருப்பதைப் பார்க்கலாம் என்றேன்.

இந்த மலை உச்சியில் பாக்சைட் வெட்டி, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரியில் இறக்கிய காலம் உண்டு. மலையடிவாரத்தில் சேலத்தின் வெள்ளைக்கல், மேக்னசைட். அதைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறி மக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும்; 2,800 டிகிரி வரை உருகாது, அதனால் எஃகு உலையின் உட்சுவருக்குச் செங்கல் ஆகிறது. மேட்டூரில் 1936 முதல் ரசாயனத் தொழிற்சாலை. கல்லை வெட்டவும் சுமக்கவும் நம் ஆட்கள் போனார்கள். அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் மேசைக்கும் நம் பிள்ளைகள் போக வேண்டாமா?

ஜூன் மாதம் அவளையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு மூன்று கல்லூரிகளுக்குப் போனேன். ஒன்றில் ஆய்வகம் பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை. இன்னொன்றில் எல்லாம் பளபளப்பாக இருந்தது, நோட்டில் நாலு வரி. மூன்றாவது ஓர் அரசு கல்லூரி. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது, ஸ்டூல்கள் ஆடின. உதவியாளர் தம்பி நோட்டைக் கொண்டுவந்து விரித்தார். இருபது பக்கம், விதவிதமான கையெழுத்து. அவள் அப்பாவைப் பார்த்தேன். அவர் நோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்கயே சேர்த்திரலாங்க மச்சான்" என்றார்.

ஆயுதபூஜை விடுமுறைக்கு வந்தவள் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். முகம் வாடியிருந்தது.

"மாமா, ஒரு பிப்பெட்டை உடைச்சிட்டேன். காசு பிடிப்பாங்களாம்."

"நோட்டுல எழுதினியா?"

"எழுதிட்டேன்."

"கையெழுத்து?"

"போட்டேன் மாமா."

"அப்புறம் என்ன செஞ்ச?"

"வேற பிப்பெட் வாங்கி மறுபடி செஞ்சேன். ரெண்டு அளவும் ஒண்ணா வந்துச்சு."

உள்ளே திரும்பி, பிள்ளைக்குக் காப்பி போடச் சொன்னேன்.