விளக்கின் பளபளப்பும் கடையின் நற்பெயரும்

கார்த்திகை பிறந்துவிட்டால் திருவண்ணாமலையில் விளக்கு விற்காத கடையைப் பார்ப்பது அரிது. பாத்திரக் கடை, பூஜைப் பொருள் கடை மட்டுமல்ல, மளிகைக் கடை வாசலிலும் அகல் விளக்கு குவிந்து கிடக்கும். மலை உச்சியில் மகாதீபம் தெரிந்ததும் வீடுதோறும் விளக்கேற்றுவது நம் ஊர் வழக்கம். 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் வெளியூர் பக்தர்களும் ஒரு விளக்கை வாங்கிப் போக விரும்புகிறார்கள். இந்த வியாபாரத்தில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதுதான் விளக்கின் மேல் அடித்திருக்கும் பளபளப்புப் பூச்சு.

பித்தளை விளக்கில் என்ன நடக்கிறது?

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காற்றுப் பட்டால் கறுக்கும். கடை அலமாரியில் மாதக்கணக்கில் மின்ன வேண்டும் என்பதற்காகச் சில சரக்குகளுக்கு லேக்கர் எனப்படும் நிறமற்ற பூச்சை அடித்து அனுப்புகிறார்கள். காட்சிக்கு வைக்கும் பொம்மைக்கும் சிலைக்கும் அது நல்லதுதான். ஏற்றும் விளக்குக்கு அது ஒத்துவராது.

திரி எரியும் முகத்தில் சூடு ஏறியதும் பூச்சு மஞ்சளாகும். பிறகு கொப்பளித்து உரியும். நாற்றமும் வரும். வீட்டுப் பெண்கள் புளி போட்டுத் தேய்த்தால், பூச்சு உரிந்த இடம் மட்டும் துலங்கும்; பூச்சு உள்ள இடத்தில் புளி ஏறாது. விளக்கு திட்டுத் திட்டாகிவிடும். "இது நல்ல பித்தளையே இல்லை" என்று வாடிக்கையாளர் முடிவு கட்டிவிடுவார். குறை பூச்சில் இருக்க, கெட்ட பெயர் கடைக்கு வருகிறது.

பைப் வியாபாரம் சொல்லும் பாடம்

புகையிலை பைப் விற்பவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. மத்தியதரைக் கடல் பகுதியில் வளரும் பிரையர் செடியின் வேர்க்கட்டையில் செய்யும் நல்ல பைப்புக்குக் கார்னோபா மெழுகு தேய்த்து மெருகேற்றுவார்கள். மலிவான பைப்புக்கு லேக்கரைக் கெட்டியாக அடித்துவிடுவதுண்டு. கடையில் இரண்டும் ஒன்றுபோல மின்னும். பற்றவைத்துக் கட்டை சூடானதும் லேக்கர் கொப்பளித்துச் செதிலாக உரியும். மெழுகு மங்கினால் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். லேக்கர் போனால் முழுவதையும் எடுத்தால்தான் பொருள் பழைய அழகுக்கு வரும்.

காரணம் எளிது. அரக்கு சுமார் 75 முதல் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். நைட்ரோசெல்லுலோஸ் கலந்த லேக்கரோ எளிதில் தீப்பற்றக்கூடியது. அரக்கு மாளிகை கதை தெரிந்த நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

வண்ண அகல் விளக்கு

மண் அகலுக்கு வண்ணம் அடிப்பதில் ஒரு வசதி உண்டு. மண்ணின் நுண்துளைகள் அடைபடுவதால் எண்ணெய் கசிந்து தரை பிசுபிசுக்காது. ஆனால் திரி வைக்கும் மூக்கு வரை பெயிண்ட் இருந்தால் அது கருகிப் புகையும். வெளிப்பக்கம் மட்டும் வண்ணமிட்டு, உட்குழிவையும் மூக்கையும் வெறும் மண்ணாக விட்ட சரக்கே நல்லது. வண்ணமில்லாத அகலைக் கேட்பவரிடம், ஏற்றும் முன் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் துடைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் குடிப்பது குறையும்.

கொள்முதலில் கவனம்

1. பித்தளை விளக்கின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுச் சற்றுப் பொறுத்துத் துடையுங்கள். அந்த இடம் மட்டும் நிறம் மாறித் தெரிந்தால் வெறும் பித்தளை. மாற்றமே இல்லையென்றால் பூச்சு இருக்கலாம்.

2. ஏற்றும் விளக்கு, அலங்கார விளக்கு என்று சரக்கைப் பிரித்து அடுக்குங்கள். மொத்த வியாபாரியிடம் ஆர்டர் கொடுக்கும்போதே "லேக்கர் இல்லாதது" என்று எழுதிக் கொடுங்கள்.

3. பூச்சுள்ள விளக்கை விற்க நேர்ந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆப்ப சோடா கலந்த நீரில் சிறிது நேரம் கொதிக்கவைத்தால் பெரும்பாலும் பூச்சு தளர்ந்து உரியும்; பிறகு புளி போட்டுத் துலக்கிக்கொள்ளலாம். தின்னர் போட்டுத் துடைப்பவர்கள் அடுப்பு, விளக்கு பக்கம் போகக்கூடாது.

4. கொள்முதல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நான்காவது யோசனைக்குக் காரணம் உண்டு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளால் தீங்கு நேர்ந்தால் சில சூழ்நிலைகளில் விற்றவரையும் பொறுப்பாக்குகிறது. தயாரிப்பாளர் யார் என்றே தெரியாத சரக்கை விற்றிருந்தாலும், தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விட்டு அதனால் தீங்கு நேர்ந்திருந்தாலும், "நான் செய்ததில்லை, விற்றதுதான்" என்று ஒதுங்க முடியாது. சில நூறு ரூபாய் விளக்குதானே என்று அலட்சியமாக இருப்பதற்கில்லை.

மின்னுகிற சரக்கு முதல் நாள் விற்பனையைக் கூட்டும். அடுத்த கார்த்திகைக்கும் அதே வாடிக்கையாளர் நம் கடைப் படியேற வேண்டுமென்றால், வாங்கிப் போன விளக்கு அவர் வீட்டில் நாற்றமில்லாமல், கொப்பளிக்காமல் எரிய வேண்டும். இந்தத் தீபத்துக்குச் சரக்கு எடுக்கும் முன் நம் வணிகர்கள் விளக்கைத் திருப்பிப் பார்த்து வாங்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.