புற்றுக்கு முன்னே போகும் பைகள்

மார்பகத்தில் தொடங்கும் புற்றுநோய் பரவும்போது எலும்பைத் தேடிப் போவது ஏன்? மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் பதிவுகளை ஆராய்ந்த லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், 1889-இல் ஒரு விடை சொன்னார்: விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும். அந்த மண்ணைப் புற்று முன்கூட்டியே பண்படுத்தி வைக்கிறது என்பதை அறிய அன்று வழியில்லை.

பண்படுத்துபவை புறச்செல் நுண்பைகள். அதாவது, செல்கள் வெளியே விடுகிற, கொழுப்புச் சவ்வு போர்த்திய பொட்டலங்கள். அவற்றில் எக்ஸோசோம் என்ற சிறிய வகை 30 முதல் 150 நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் அகலத்தில் எழுநூறு பைகளை வரிசையாக அடுக்கிவிடலாம்!

1983-இல் மான்ட்ரியாலின் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவினர், முதிரும் சிவப்பணுக்கள் தமக்கு இனி வேண்டாத புரதத்தை இப்படிப் பொதிந்து வெளியே தள்ளுவதைக் கண்டார்கள். வெறும் கழிவு என்றே நெடுநாள் எண்ணப்பட்டது. 2007-இல் ஸ்வீடனில் யான் லோட்வால் குழு, எலி செல்லின் பைகளை மனித செல்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. மனித செல்லுக்குள் எலியின் புரதம் உருவானது! பைக்குள் ஆர்என்ஏ என்ற செய்முறைக் குறிப்பு இருந்திருக்கிறது.

இனி எலும்புக்கு வருவோம். ஆண்டுதோறும் நம் எலும்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு புதுப்பிக்கப்படுகிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற கரைக்கும் செல் எலும்பின்மேல் படிந்து, விளிம்பைச் சுற்றிலும் இறுக மூடிக்கொண்டு, அடியில் அமிலத்தைச் சுரக்கும். கட்டும் செல்லான ஆஸ்டியோபிளாஸ்ட் பின்னாலேயே வந்து பள்ளத்தை நிரப்பும். மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றின் நுண்பைகள் கரைக்கும் செல்களைப் பெருக்குகின்றன. எலும்பில் ஓட்டை விழுகிறது. புராஸ்டேட் புற்றின் பைகளோ கட்டும் செல்களை முடுக்கிவிடும். எலும்பு தாறுமாறாகத் தடிக்கும். எலும்பு கரையும்போது அதில் பொதிந்திருந்த வளர்ச்சிக் காரணிகள் விடுபட்டு, புற்று செல்லுக்கே ஊட்டமாகின்றன. கொடுமையான சுழற்சி இது.

என்னை மிகவும் வியக்க வைப்பது வேறொன்று. எலும்பாக மாறும் குருத்தெலும்பில் முதல் கால்சியம் பாஸ்பேட் படிகம் முளைப்பதே இத்தகைய நுண்பைகளுக்குள்தான். அமெரிக்காவின் கிளார்க் ஆண்டர்சனும் இத்தாலியின் எர்மான்னோ பொனுச்சியும் 1960-களிலேயே இதைக் கண்டுவிட்டார்கள். எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும் வழியையே புற்று கைப்பற்றிக்கொள்கிறது.

ஆனால் இப்பைகள் துப்பும் தருகின்றன. சிறுநீரில் வரும் எக்ஸோசோம்களின் ஆர்என்ஏவை அளந்து, புராஸ்டேட் பயாப்ஸி தேவையா என்று முடிவெடுக்க உதவும் சோதனை அமெரிக்காவில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது.